கலங்கல் கல்லும் என் பெயரும்

1

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

ஒரகடத்தில் வயலை மட்டம் தட்டி முதல் கம்பெனிகள் எழும்பியபோது, அவற்றில் ஒன்றின் தெற்குச் சுற்றுச்சுவர் முழுக்க என் கொத்துக்கரணை பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்டு மாற்றி மாற்றிப் பையன்கள் படுக்கிற வாடகை அறைகளில் ஒரு வரிசை நான் எழுப்பியது. இன்றுவரை ஒழுகவில்லை என்று கேள்வி. சிங்கப்பூரில் அடுக்குமாடிகளுக்கு நடுவே சிமெண்டில் பாறை செய்து, அதிலிருந்து தண்ணீரை விழ வைத்தேன். மணப்பெண்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், நிஜப் பாறை என்று நினைத்து. இப்போது இருப்பது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில், ஆற்றோரமாக ஒரு சின்ன ஊர். இங்கே சரிவில் நிற்கிற வீடுகளுக்கு மண் சரியாமல் முட்டுக் கொடுக்கிற கல் சுவர்களில் பாதி என்னுடையது. ஆற்றில் வெள்ளம் வந்த வருடம் மற்றவன் கட்டியது வயிறு தள்ளியது. என்னுடையது அசையவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆங்கில எழுத்தைச் சிமெண்ட் மூட்டையில் படித்தேன்.

பெண்டாட்டி விசாவில் ஒட்டிக்கொண்டு போனவன் என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. விசா அவளுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். எஸ்தர் நர்ஸ். அவளும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம்தான், சிங்கப்பூரில் சந்தித்துக் கட்டிக்கொண்டோம். ஆனால் விசாவில் குடியிருக்க முடியாது. குடியிருக்கிற வீட்டை நான் கட்டினேன்.

அந்த வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். எஸ்தரைப் புதைத்து வருடங்கள் ஆகின்றன. ஒரு முறை வடித்த சோறு மறுநாளுக்கும் வருகிறது. காலையில் வேலிக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர் கையைத் தூக்கி, இன்றைக்கு வெயில் அதிகம் என்பார். ஆமாம் என்பேன். பல நாள் என் வாயிலிருந்து வருகிற ஒரே பேச்சு அதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரிலிருந்து தம்பி ஏகாம்பரம் கூப்பிடுவான். அதற்காகச் சனிக்கிழமையே போனைச் சார்ஜில் போட்டு வைப்பேன்.

2

என் மகள் மலர், நிலத்தை வடிவமைக்கிற படிப்பு படித்தவள். தோட்டம் போடுகிற படிப்பு என்று முதலில் நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அது தப்பாம். ஓர் இடத்தின் மேடு பள்ளம், தண்ணீர் வருகிற வழி, போகிற வழி, மரம், மனிதர் நடக்கிற பாதை எல்லாவற்றையும் சேர்த்து வரைவது. நான் கையால் செய்ததை அவள் கம்ப்யூட்டரில் செய்கிறாள் என்றால் சிரிப்பாள். பெரிய நகரத்தில் இருக்கிறாள். தமிழ் புரியும், பேசினால் பாதி வழியில் ஆங்கிலத்துக்கு இறங்கிவிடுவாள்.

நான் இருக்கிற இந்த ஊர் ஆற்றங்கரையில் காய்ந்த பள்ளம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் ஆறு பெருகும்போது நிரம்பி, வெயிலில் மெல்ல வற்றுகிற குளமாக இருந்தது. பழத்தோட்டங்களுக்காக ஆற்றை மேலேயே மறித்துத் தண்ணீரை எடுத்துவிட்டார்கள், குளம் செத்தது. அதன் கரையில் காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடி மக்கள், எங்கள் தண்ணீரைத் திருப்பிக் கொடு என்று ரொம்பக் காலம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் நகரசபை இறங்கி வந்தது. வடிவமைக்கிற வேலை மலரின் ஆபீசுக்குக் கிடைத்தது. அவள் என் வீட்டிலேயே வந்து தங்கினாள். இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

கல் வேலை எனக்குத்தான் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினேன். வயதைக் காரணம் காட்டினார்கள். கடப்பாரையைத் தூக்கிக் காட்டினேன்.

அந்த மக்களின் மூத்தவர் டோரீன். இங்கே எல்லோரும் அவரை ஆன்ட்டி என்பார்கள். மரியாதைக்குச் சொல்லுகிற முறை, நம் ஊரில் பெரியம்மா என்பது போல. திட்டத்தைப் பேசக் கூடிய கூட்டத்தில் சண்டை எதைப் பற்றி என்றால், குளத்துத் தண்ணீர் வெளியேறுகிற கடைவாயை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று. பறவை பார்க்கிறவர்களும் வீடு விற்கிறவர்களும் வருடம் முழுக்கத் தண்ணீர் தளும்ப வேண்டும் என்றார்கள். ஆன்ட்டி, குளம் நிரம்பவும் வேண்டும், வற்றவும் வேண்டும், நிரம்பியே கிடந்தால் அழுகும் என்றார். இதற்கு நடுவே மழை வேறு முன்போல் இல்லை. வருடக்கணக்கில் பொய்க்கிறது, வந்தால் ஒரே அடியாகக் கொட்டுகிறது. எந்த உயரத்தில் கட்டினாலும் ஒரு வருடம் அது தப்பாகத்தான் போகும். நகரசபை இன்ஜினியர், மோட்டார் வைத்த இரும்புக் கதவு போடலாம் என்றார்.

ஆன்ட்டி கேட்டார்: “அதன் சாவி யாரிடம் இருக்கும்?”

நகரசபை ஆபீசில் என்றார் இன்ஜினியர். அது காரில் ஒரு மணி நேரத் தூரம். ஆன்ட்டி கைப்பையைத் திறந்து மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் எழுந்து, எங்கள் ஊரில் இதற்கு வேறு ஏற்பாடு உண்டு என்றேன். மலர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

3

என் சொந்த ஊர் ஒரகடம் பக்கம், வடக்குப்பட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. ஏரி ஒன்று உண்டு. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கல்கட்டுக்குக் கலங்கல் என்று பெயர். எங்கள் கலங்கலின் மேல் ஆள் இடுப்பு உயரத்துக்குக் குத்துக்கற்கள் வரிசையாக நிற்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டு. மழையின் வேகம் அடங்கிய பிறகு, அந்த இடைவெளிகளில் களிமண்ணும் மண்ணோடு வெட்டிய புல்கட்டியும் வைத்து அடைப்போம். ஏரியில் தண்ணீர் கூடுதலாக நிற்கும், இன்னொரு பயிர் தாங்கும். திரும்ப வானம் கறுத்தால் அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் கரை உடையும்.

அடைப்பது விவசாயம் செய்த எங்கள் மேலத்தெருக்காரர்கள். பிடுங்குவது கலங்கலுக்குக் கீழே குடிசை போட்டிருந்த இருளர்கள். முறை அப்படி. தண்ணீர் புரண்டு வந்தால் முதலில் யார் வீட்டுக்குள் போகுமோ, அவர்கள் கையில்தான் பிடுங்குகிற உரிமை. பிடுங்கும்போது கலங்கலில் துள்ளுகிற மீன் முழுக்க அவர்களுக்கு. மேலத்தெருவான் ஒருவன் அங்கே கூடையோடு நிற்கக்கூடாது.

மாரி என்பவர் அப்போது அந்தக் குடும்பங்களுக்கு மூத்தவர். எங்கள் தெருவுக்குள் அவர் செருப்புப் போட்டு நடக்க முடியாது. ஆனால் கலங்கலில் அவர் சொன்னதுதான். ஒரு முறை, கதிர் பால் பிடிக்கிற சமயம், என் அப்பா கரைமேல் நின்று, “இன்னும் ரெண்டு நாள் பொறுடா மாரி” என்றார். மாரி வானத்தைப் பார்த்தார். குனிந்து, கல்லிடுக்கில் கையை விட்டு முதல் புல்கட்டியை உருவினார். அப்பா கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டினாரே தவிர, இறங்கிப் போய்த் தடுக்கவில்லை. தடுக்க அவருக்கு உரிமை கிடையாது. நான் அப்பா பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். ஏகாம்பரம் அப்போது தொட்டிலில் கிடந்தான்.

இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். மலர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, ஆன்ட்டி மிட்டாய் மெல்வதை நிறுத்தினார். “பாதிக்கப்படுகிறவன் திறக்கிறான்” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு இன்ஜினியரைப் பார்த்து, இதில் மோட்டார் எங்கே வருகிறது என்று கேட்டார். கூட்டமே சிரித்தது.

4

கட்டினேன். அதைக் கட்ட இந்த ஊர் ஆபீசுகள் என்னை விட்டால்தானே. கல் நட அனுமதி, கல்லுக்குப் பக்கத்தில் நிற்க அனுமதி, மஞ்சள் சட்டை போட்டு நிற்பதாக உறுதிமொழி. புல்கட்டியைக் கட்டுமானப் பொருள் என்று எழுதுவதா, செடி என்று எழுதுவதா என்று ஒரு வாரம் ஓடியது. செடி என்றால் வேறு இலாகாவாம். கடைசியில் ஆன்ட்டியே போனில் ஒரு போடு போட்டார், முடிந்தது.

இருந்தாலும் சொல்கிறேன், நான் கட்டியதிலேயே இதுதான் உயர்ந்தது. ஒவ்வொரு கல்லையும் நானே தட்டிப் பார்த்து எடுத்தேன். ஆற்றுத் தண்ணீர் முதன்முதலாகப் பள்ளத்துக்குள் வந்தபோது ஆன்ட்டியின் ஆட்கள் அழுதார்கள். நான் அழவில்லை, கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை.

திறப்பு விழாவுக்கு ஒரு பலகை வைக்க வேண்டும். மலர் அதன் நகலை என்னிடம் காட்டினாள். நகரசபை பெயர், அவள் ஆபீஸ் பெயர், அந்த மக்களின் பெயர். கடைசியில், கல் வேலை உள்ளூர்ச் சமூகத்தினர் என்று ஒரு வரி.

“யாரு இந்த உள்ளூர்ச் சமூகத்தினர்? கடப்பாரை புடிச்சவனுக்குப் பேர் இல்லியா?” என்றேன்.

“போர்டுல இடம் இல்லப்பா.”

“ஆபீஸ் பேரைச் சின்னதாப் போடு. இடம் வரும்.”

அவள் ஆன்ட்டியிடம் கொண்டுபோனாள். ஆன்ட்டிக்கு மறுப்பில்லை. ஒன்று மட்டும் கேட்டார். இந்த முறையை உனக்குக் கொடுத்தது யார், அவர்களிடம் கேட்டாயா? ஆன்ட்டியின் ஆட்கள் வழக்கம் அது. ஒரு கூட்டத்தின் அறிவை இன்னொரு இடத்தில் எழுதி வைப்பதென்றால், உடையவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் அவர்கள் ஒரு எழுத்தும் வெட்ட விடமாட்டார்கள்.

கட்டியது நான், கேட்பது எதற்கு என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் கலங்கல் மாரியுடையது என்று கூட்டத்தில் சொன்னதும் நான்தானே.

5

மாரி இப்போது இல்லை. அவர் மகள் கன்னியம்மாவின் நம்பரை ஏகாம்பரத்திடம் கேட்டேன்.

“அவங்க நம்பர் உனக்கு இன்னாத்துக்குண்ணா?” என்றான். குரல் மாறிவிட்டது. “அவங்க மனு போட்டுகினு அலையறாங்க. அதுல நீ தலைய வுடாத.”

அப்போதுதான் விஷயம் முழுக்கத் தெரிந்தது. ஏரியைச் சுற்றித் தொழிற்பூங்கா வந்த பிறகு, ஏரியை அழகு செய்கிறோம் என்று நடைபாதை, விளக்கு, புல்தரை எல்லாம் போட்டிருக்கிறார்கள். கலங்கல் குத்துக்கல் பழங்காலச் சின்னமாம். அது விழாமல் இருக்கவும் ஜனங்கள் உட்காரவும், இடைவெளிகளைக் கான்கிரீட் போட்டு அடைத்து மேலே பலகைக்கல் பதித்துவிட்டார்கள். போன மழையில் ஏரித் தண்ணீர் போக வழியில்லாமல் ஏறி, ஒரே மூச்சில் கவிழ்ந்து இருளர் வீடுகளுக்குள் போயிருக்கிறது. உயிர்ச்சேதம் இல்லை. சட்டி பானையும் ஆடும் போயின. மீனும் இல்லை, வேலி போட்டாகிவிட்டது. அந்தக் கான்கிரீட்டைப் பெயர்க்கச் சொல்லித்தான் அவர்கள் மனு. அந்தப் பூங்காவுக்குத் தோட்ட வேலைக்கு ஆள் விடுகிறவன் என் தம்பி.

கன்னியம்மா நம்பரை வேறு வழியில் பிடித்தேன்.

“யாரு?”

“நான்தான் கன்னியம்மா, முனுசாமி. மேலத்தெரு.”

“எந்த முனுசாமி? கொத்தனாரா? உசுரோடதான் கீறியா?”

“கீறேன்.”

“இன்னா கொத்தனாரே, அந்த ஊர்ல கல்லு தீந்துபூட்ச்சா, எங்களாண்ட வந்துகீற?”

சொன்னேன். மாரி பெயரையும் அவர்கள் முறையையும் பலகையில் எழுதலாமா என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எங்கப்பன் பேர ரேஷன் கார்டுலயே தப்பாதான் எழுதினான். நீ அத்தத் தூக்கினு போயி வெள்ளக்காரன் ஊர்ல எழுதப்போறியா?”

“எழுதலாமான்னு கேக்கத்தான் கூப்ட்டேன்.”

“கேக்குறியா.” சிரிப்பை நிறுத்தினாள். “எங்களாண்ட யாரும் எதுவும் கேட்டதில்ல கொத்தனாரே. அதான் இன்னா சொல்றதுன்னு தெரில.”

பிறகு சொன்னாள். “எழுதிக்க. ஆனா அங்க சொன்னத இங்கயும் சொல்லு. அப்படி ஒரு முறையே இல்ல, கல்லு அழகுக்கு நட்டதுன்னு உன் தம்பி ஆபீசர் எதிர்ல சொல்லிட்டான். மேலத்தெருப் பெருசுங்க ஒண்ணும் வாயத் தொறக்கல. உங்க தெருவுல ஒருத்தன் சொன்னாத்தான் நம்புவாங்களாம். நீ தூரத்துல கீற. உன்ன இன்னா பண்ணிடுவாங்க?”

6

என்ன செய்துவிடுவார்கள் என்று அவள் சுலபமாகக் கேட்டுவிட்டாள். கட்டை வேகும்போது ஊர் மண்ணில் வேக வேண்டும் என்று, தம்பி வீட்டு மாடியில் எனக்காக ஓர் அறை இருக்கிறது. எஸ்தரைக் கட்டியதற்காக ஒதுக்கி வைத்த சொந்தங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்து வைத்தவன் அவன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் போன் இல்லையென்றால், என்னை அண்ணா என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆள் இல்லை.

மலரிடம் சொன்னேன். “பிரச்சனைன்னா வேணாம்பா. பேரே இல்லாம விட்டுடலாம். நீ கட்டினது எனக்குத் தெரியுமே” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அவள் வேலை முடிந்து நகரத்துக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் போதும் என்று என்னால் இருக்க முடியவில்லை. மாரி குனிந்ததும் அப்பா நின்றதும் கண்ணிலேயே இருந்தது. அதைப் பார்த்தவர்களில் வாயைத் திறக்கிற நிலையில் இருப்பவன் நான் ஒருவன். நான் போனால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

தலை வாரிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கொல்லையில் தக்காளிச் செடி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மலர் போனைப் பிடித்தாள். நான் யார், என்னென்ன கட்டினவன் என்று ஆரம்பித்தேன்.

“அப்பா, விஷயத்துக்கு வா” என்றாள்.

“யார் சொல்றான்னு தெரிய வேணாமா?” என்றேன். அது முழுவதும் வீடியோவில் இருக்கிறது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். யார் அடைப்பார்கள், யார் பிடுங்குவார்கள், மீன் யாருக்கு, என் அப்பா ஏன் தடுக்கவில்லை. என் தம்பிக்கு அப்போது நினைவு தெரியாத வயது என்பதையும் சொன்னேன். வீடியோ கன்னியம்மா வழியாக ஆபீசரிடம் போனது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஏகாம்பரம் காத்திருக்கவில்லை.

“வெள்ளக்காரன் போர்டுல உம் பேர் வரணும்னு கூடப்பொறந்தவன் பொழப்புல கைய வெச்சிட்ட.”

“நான் பாத்தத சொன்னேன்டா.”

“பாத்தியா? ஊர வுட்டுப் போயி எத்தினி காலமாச்சு, இப்ப உனக்குக் கண்ணு தெரியுதா? இனிமே வந்தா எங்க தங்கறதுன்னு பாத்துக்க. அந்தக் கலங்கலாண்டயே தங்கிக்க.”

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. சொந்தக்காரர்கள் போட்டிருந்த வாட்சப் குழுவிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை வந்தால் கை தானாகச் சார்ஜரைத் தேடுகிறது. இப்போதெல்லாம் வேலிக்காரரிடம் வெயிலைப் பற்றி நானே முதலில் பேச்சை எடுக்கிறேன். அவருக்கு ஆச்சரியம்.

7

போன வாரம் கன்னியம்மா கூப்பிட்டாள். பின்னால் இயந்திரம் உடைக்கிற சத்தம். கான்கிரீட்டைப் பெயர்க்கிறார்கள், கேள் கொத்தனாரே என்று போனை அந்தப் பக்கம் நீட்டினாள். எனக்கு அந்தச் சத்தத்தில் எத்தனை ஆள், என்ன கருவி என்று தெரியும், கேட்டுக்கொண்டே இருந்தேன். இடைவெளிகளைத் திறக்க வேண்டும், பிடுங்குகிற முறையும் அன்றைய மீனும் அந்தக் குடும்பங்களுக்கு என்று உத்தரவாம்.

“மீன் வந்துச்சா?” என்றேன்.

“மழையே இன்னும் வர்ல. வந்தா மேலத்தெரு வந்து அடைக்கணுமே, அவங்க வருவாங்களான்னு தெரில.”

“அடைக்கறதுக்கு நான் வரட்டுமா?”

“வந்து எங்க தங்குவ?” என்று கேட்டாள். தம்பி கேட்ட அதே கேள்வி. ஆனால் இவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

உத்தரவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வெளிநாட்டில் வசிக்கும் ஊர்ப் பெரியவர் ஒருவர் அளித்த சாட்சியத்தின்படி என்று இருக்கிறதாம். ஒருவர். இங்கே உள்ளூர்ச் சமூகத்தினர், அங்கே பெரியவர் ஒருவர்.

ஆகையால் இரண்டு ஊருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஆற்றங்கரைப் பலகை இன்னும் வெட்டப்படவில்லை. அதில், இந்தக் கலங்கல் முறை இருளர் மாரியின் குடும்பத்தாருடையது, அவர் மகள் கன்னியம்மாவின் சம்மதத்தோடு இங்கே எழுதப்படுகிறது என்று முதலில் போடுங்கள். அதற்குக் கீழே, கட்டியவர் முனுசாமி என்று போடுங்கள். இங்கே கூப்பிடுகிற சுருக்கப் பெயர் வேண்டாம். முழுப் பெயரும் ஊரும் வேண்டும்.

அங்கே எங்கள் ஏரிக்கரையில் புதுப் பலகை வைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். அதில் அவர்கள் உரிமையைப் பெரிதாக எழுதுங்கள். கடைசி வரியாக, இதைக் கண்ணால் கண்டு சொன்னவன் மேலத்தெரு முனுசாமி என்று எழுதுங்கள். என் தம்பி தினமும் அந்தப் பாதையில்தான் தோட்ட ஆட்களை அழைத்துக்கொண்டு போகிறான். கோபத்தோடு படிப்பான். படிக்கட்டும். அப்படியாவது ஒரு நாளைக்கு ஒரு முறை ஊரில் ஒருவன் என் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொள்வான். அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.